பச்சைப் புள்ளி தெரியுது... சர்க்கரை எங்கே?

"பச்சைப் புள்ளி இருக்கு, அது எனக்கே தெரியுது. இதுல சர்க்கரை எவ்வளவுன்னு மட்டும் பார்த்துச் சொல்லுப்பா."

எங்கள் தெரு மளிகைக் கடையில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி சத்துபான டப்பா ஒன்றை என்னிடம் நீட்டினார். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். ஐந்து வயதுப் பேரனுக்குக் காலையும் மாலையும் பால் ஆற்றிக் கொடுப்பது பாட்டிதான். பையனுக்கு எடை கூடுகிறது, இனிப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

டப்பாவின் முன்பக்கத்தில் ஒரு சிறுவன் ஓடிக்கொண்டிருந்தான். எலும்புக்கு, மூளைக்கு, எதிர்ப்புச் சக்திக்கு என்று பெரிய பெரிய எழுத்துகள். பின்பக்கம் திருப்பினேன். முகவரி, விலை, கலக்கும் முறை, இவற்றுக்கு நடுவே எறும்பு ஊர்ந்தது போல ஒரு கட்டம். கண்ணாடி போட்டும் படிக்க முடியாமல், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினேன். எல்லாம் ஆங்கிலம். கார்போஹைட்ரேட் என்ற வரிக்குக் கீழே மொத்தச் சர்க்கரை. அதற்கும் கீழே சேர்க்கப்பட்ட சர்க்கரை: 100 கிராமுக்கு 30 கிராம்.

"அப்படின்னா டம்ளருக்கு எத்தனை ஸ்பூன்?"

நியாயமான கேள்வி. ஆனால் டப்பாவில் அதற்குப் பதில் இல்லை. நான்தான் கணக்குப் போட்டேன். ஒரு தடவைக்கு 20 கிராம் பொடி. அதில் 6 கிராம் சர்க்கரை. ஒரு தேக்கரண்டி சுமார் 4 கிராம். ஆக, ஒன்றரை ஸ்பூன். "அதுக்கு மேல நான் வேற ஒரு ஸ்பூன் போடுறேனே" என்று பாட்டி டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

இந்தக் கட்டுரை அந்தப் பாட்டியின் முதல் வாக்கியத்திலிருந்து பிறந்தது. பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒருவருக்கு, ஒரு பாக்கெட்டில் இருப்பது சைவமா அசைவமா என்று ஒரு நொடியில் தெரிகிறது. 2000-களின் தொடக்கத்தில் வந்த சின்னப் பச்சைப் புள்ளி செய்த வேலை அது. படிக்க வேண்டாம், கணக்குப் போட வேண்டாம், மொழி வேண்டாம். சைவத்துக்குச் செய்ய முடிந்ததைச் சர்க்கரைக்குச் செய்ய இந்த நாடு ஏன் தயங்குகிறது?

நோயின் பெயரே சர்க்கரை

நம் ஊரில் "அவருக்குச் சர்க்கரை" என்றால் நோய் என்று அர்த்தம். அந்த நோயைப் பற்றி நாட்டிலேயே பெரிய கணக்கெடுப்பை நடத்தியது சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து அது செய்த ஆய்வு 2023 ஜூனில் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இன்னும் 13.6 கோடிப் பேர்.

நீரிழிவுக்குச் சர்க்கரை ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. பரம்பரை, உடல் எடை, உழைப்பில்லாத வாழ்க்கை, தட்டு நிறையச் சோறு எல்லாம் சேர்ந்துதான் அந்த நிலைக்குக் கொண்டுபோகின்றன. ஆனால் நாம் தெரிந்து தின்னும் இனிப்பை விட, தெரியாமல் தின்னும் இனிப்பு கூடிக்கொண்டே போகிறது. திருநெல்வேலி அல்வாவையும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையும் வாங்குகிறவருக்கு, தான் வாங்குவது இனிப்பு என்று தெரியும். தீபாவளிக்கு ரெண்டு துண்டு, கல்யாணத்தில் ஒரு துண்டு என்று அவரே அளவு வைத்துக்கொள்வார். தக்காளி சாஸில் பல வகைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? குழந்தைகளுக்கென்று விற்கும் காலை உணவுச் சீரியலில்? பழத்தின் படம் போட்ட அட்டை டப்பா பானத்தில்?

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஒரு வரம்பு சொன்னது. ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இப்படிச் சேர்க்கப்படும் சர்க்கரை இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. பெரியவர்களுக்கு அந்த 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம், ஆறு ஸ்பூன். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் 25 கிராமைத்தான் சொல்கிறது. கோலா வகைப் பானங்களில் 100 மில்லிக்குப் பொதுவாக 10 முதல் 11 கிராம் சர்க்கரை. 300 மில்லி பாட்டில் ஒன்றைக் குடித்து முடித்தால் அன்றைய அளவு தாண்டிவிடும். காபி, டீக்கு இடமே இல்லை.

பிள்ளைகள் நிலைமை இன்னும் கவலை தருவது. 2025 மே மாதம் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 4 முதல் 10 வயதுப் பிள்ளைகள் தினமும் எடுக்கும் கலோரியில் 13 சதவீதமும், 11 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 15 சதவீதமும் சர்க்கரையிலிருந்து வருகிறது, இருக்க வேண்டியது 5 சதவீதம் என்று அதில் சொல்லி, ஒவ்வொரு பள்ளியிலும் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. எந்தப் பானத்தில், எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று அந்தப் பலகை பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நல்ல முயற்சி, வரவேற்கிறேன். ஆனால் பாக்கெட் செய்ய வேண்டிய வேலையைப் பள்ளிக்கூடச் சுவர் செய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

லேபிளே இல்லாத நாடு அல்ல இது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ம் ஆண்டு விதிகளின்படி, மொத்தச் சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒரு பரிமாறலில் இருப்பது ஒரு நாளின் அளவில் எத்தனை சதவீதம் என்றும் காட்ட வேண்டும். காகிதத்தில் இது நல்ல விதி. கோளாறு நுணுக்கங்களில் இருக்கிறது.

அந்தச் சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். அது 2,000 கலோரி சாப்பிடும் ஒரு பெரியவருக்கு 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை என்று வைத்துக் கணக்கிடப்படுவது. பாட்டி கையில் இருந்த டப்பாவில் ஒரு டம்ளருக்கு 6 கிராம் என்றால், லேபிள் 12 சதவீதம் என்று சொல்லும். பார்க்கச் சின்ன எண். குடிப்பதோ ஐந்து வயதுப் பையன். அந்த வயதுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1,360 கலோரி என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதில் 5 சதவீதம் என்றால் 17 கிராம் சர்க்கரை. இரண்டு டம்ளரில் 12 கிராம் உள்ளே போய்விட்டது. பாட்டி போட்ட இரண்டு ஸ்பூனையும் சேர்த்தால், பள்ளிக்கூடத்தில் ஒரு பிஸ்கட்டைக்கூடக் கடிப்பதற்கு முன்னால் அவனுடைய அளவு முடிந்துவிடுகிறது. பிள்ளை குடிக்கும் பானத்துக்குப் பெரியவர் அளவுகோலை வைத்து அளந்து சதவீதம் போடுவது சரியில்லை. எனக்குத் தெரிந்து, இந்த லேபிள் விவகாரத்தில் மிகக் குறைவாகப் பேசப்படும் அநியாயம் இதுதான்.

அடுத்தது, பொருள்களின் பட்டியல். எடை அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் என்பது விதி. சர்க்கரை என்று ஒரே பெயரில் போட்டால் அது முதலிடத்துக்கு வந்துவிடும். கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் லிக்விட் குளுக்கோஸ், கொஞ்சம் இன்வர்ட் சிரப், கொஞ்சம் மால்ட் எக்ஸ்ட்ராக்ட், கொஞ்சம் பழச்சாறு செறிவு என்று பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒரு மாவுப்பொருள் உண்டு. பெயரளவில் அது சர்க்கரை இல்லை; வயிற்றுக்குள் போனதும் வேகமாகக் குளுக்கோஸாக மாறிவிடும். வேதியியல் படிக்காத ஒரு தாய் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பார்?

நம் பக்கத்தில் இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. 'வெள்ளைச் சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டுவிட்டு, நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ தேனோ சேர்ப்பது. கருப்பட்டி மீது எனக்கும் பிரியம் உண்டு; பனையேறிகள் பிழைப்பு அதில் இருக்கிறது. ஆனாலும் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சர்க்கரை நோய் உள்ள ஒருவர் "இது கருப்பட்டி பிஸ்கட், ஒண்ணும் செய்யாது" என்று நான்கைந்தை எடுத்து வாயில் போடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தேனையும் பழச்சாற்றையும்கூட உலக சுகாதார நிறுவனம் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது.

பெயரிலேயே ஏமாற்றம்

முன்பக்கம் ஒன்றைச் சொல்லி, பின்பக்கம் வேறொன்றைச் சொல்வதால் என்ன நடக்கும் என்பதற்கு, அண்மைக் காலத்தில் நடந்த ஓ.ஆர்.எஸ். விவகாரத்தை விடத் தெளிவான சான்று இல்லை.

வயிற்றுப்போக்கில் தவிக்கும் குழந்தைக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் ஓ.ஆர்.எஸ். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். அளவு மாறினால் மருந்து மருந்தாக இருக்காது. சர்க்கரை கூடினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து, வயிற்றுப்போக்கை மோசமாக்கும். ஆனால் கடைகளில், மருந்துக் கடைகளிலும்கூட, பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைத் தாங்கிய இனிப்புப் பானங்கள் அட்டை டப்பாவில் விற்றன. அந்த அளவைப் போலப் பல மடங்கு சர்க்கரை அவற்றில். பதற்றத்தில் ஓடிவரும் தகப்பன் பெயரைப் பார்த்துத்தானே வாங்குவார்?

ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். 2022 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைத் தடை செய்தது. அதே ஆண்டு ஜூலையில், இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கரைசல் அல்ல என்று ஒரு குறிப்பைப் போட்டுக்கொண்டால் போதும் என்று தளர்த்திவிட்டது. அந்தப் பெயர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் மறுபடி கடைகளில் உலவியது. 2025 அக்டோபரில்தான் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. செய்தி பரவிய அன்று அந்த மருத்துவர் கண்ணீரோடு பேசிய வீடியோவை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது. ஒரு குறிப்பை எங்கோ ஓர் ஓரத்தில் போட்டுவிட்டால் உண்மையைச் சொன்னதாக ஆகாது என்பதை அவர் இந்த நாட்டுக்கு நிரூபித்தார்.

'ஹெல்த் டிரிங்க்' கதையும் இதே வழிதான். உடம்பு முடியாதவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால் கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போவது நம் ஊர் மரியாதை. அந்த அளவுக்கு இந்தப் பொடிகள் மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன. 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர் போர்ன்விட்டாவில் உள்ள சர்க்கரை பற்றி ஒரு வீடியோ போட்டார். நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அவர் வீடியோவை நீக்கி மன்னிப்பும் கேட்டார். விஷயம் அதோடு முடியவில்லை. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. அந்த ஆண்டு இறுதியில் போர்ன்விட்டாவில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 100 கிராமுக்கு 37.4 கிராமிலிருந்து 32.2 கிராமாகக் குறைக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவிலிருந்து நீக்கும்படி இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. அத்தனை காலமும் அந்தப் பெயரை நம்பித்தான் வாங்கினோம்.

சிலியின் கறுப்பு முத்திரை

உலகில் இதற்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். தென் அமெரிக்காவின் சிலி நாடு 2016 ஜூனில் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மருத்துவரும் செனட்டருமான கீதோ ஹிரார்தி பல ஆண்டுகள் வாதாடி வென்ற சட்டம். வரம்பைத் தாண்டிச் சர்க்கரை இருந்தால் பாக்கெட்டின் முன்பக்கத்தில் எட்டு மூலைக் கறுப்பு முத்திரை. உள்ளே 'சர்க்கரை அதிகம்' என்று வெள்ளை எழுத்து. கீழே சுகாதார அமைச்சகத்தின் பெயர். உப்பு, கொழுப்பு, கலோரி ஒவ்வொன்றுக்கும் தனி முத்திரை. இன்று அங்கே வரம்பு திடப்பொருளுக்கு 100 கிராமில் 10 கிராம் சர்க்கரை, பானத்துக்கு 100 மில்லியில் 5 கிராம். முத்திரை விழுந்த பொருளைப் பள்ளிக்கூடத்தில் விற்கக் கூடாது, பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. சீரியல் டப்பாவில் பல ஆண்டுகளாகச் சிரித்துக்கொண்டிருந்த கார்ட்டூன் புலி காணாமல் போனது.

முதல் ஒன்றரை ஆண்டிலேயே முத்திரை விழுந்த பானங்களை மக்கள் வாங்கும் அளவு கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, சுமார் 24 சதவீதம் சரிந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். முத்திரை, விளம்பரத் தடை, பள்ளித் தடை மூன்றும் சேர்ந்து தந்த பலன் அது. என்னைத் தொட்டது வேறொரு தகவல். அங்குள்ள தாய்மார்களிடம் பேசிய ஆய்வாளர்களிடம், பள்ளியில் கேட்டுவிட்டு வந்த பிள்ளைகளே "முத்திரை போட்டதை வாங்காதே" என்று தங்களைத் தடுப்பதாகப் பலர் சொன்னார்கள். கடையில் அழுது அடம்பிடிக்கும் வயதுப் பிள்ளைகள்!

சிலிக்குப் பிறகு பெரு, உருகுவே, மெக்சிகோ, அர்ஜென்டினா என்று அந்த முத்திரை பரவியது. மெக்சிகோ இன்னொரு படி மேலே போய், செயற்கை இனிப்பு சேர்த்திருந்தால் அதைக் குழந்தைகளுக்குத் தவிர்க்கும்படியும் எழுத வைத்தது. சர்க்கரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றைப் போடும் குறுக்கு வழியை அவர்கள் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்.

நமக்கு அருகிலும் பாடங்கள் உண்டு. இலங்கை 2016 ஆகஸ்டில் குளிர்பானங்களுக்கு நிற அடையாளம் கொண்டுவந்தது. 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் சர்க்கரை என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. முயற்சி பாராட்டுக்குரியது. ஆனால் வரம்பு தாராளமாகப் போய்விட்டது என்பது என் கருத்து. 10.6 கிராம் சர்க்கரை உள்ள ஒரு கோலா அங்கே மஞ்சளோடு தப்பிவிடும். சிங்கப்பூர் 2022 இறுதியில் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் போட்டது. அங்கே 10 கிராமைத் தாண்டினால் கடைசித் தரமான டி. அதற்கு விளம்பரமும் கிடையாது. அடையாளம் வருகிறது என்று தெரிந்த உடனேயே நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைக்கத் தொடங்கின. டப்பாக்களில் விற்கும் பானங்களின் நடுமட்டச் சர்க்கரை அளவு 2017-ல் 7.1 சதவீதமாக இருந்தது, 2023-ல் 4.6 சதவீதத்துக்கு இறங்கியது. லேபிளைப் படிக்காதவருக்கும் லேபிளால் நன்மை கிடைக்கிறது என்பதற்கு இதை விட வேறென்ன வேண்டும்?

நட்சத்திரம் வேண்டாம்

இந்தியாவில் 2018-ம் ஆண்டு வரைவு விதியிலேயே, சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமானால் முன்பக்கத்தில் சிவப்பு நிறம் என்று இருந்தது. தொழில் துறை எதிர்த்தது. 2020-ல் இறுதி விதி வந்தபோது சிவப்பு இல்லை. 2022 செப்டம்பரில் புதிய வரைவு: அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை தரம். 2024 ஜூலையில், பின்பக்கக் கட்டத்தில் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு அளவுகளைத் தடித்த, பெரிய எழுத்தில் போட வைக்கும் யோசனைக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒப்புதல் கொடுத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், முன்பக்க அடையாளம் பற்றி மூன்று மாதத்தில் முடிவெடுக்கச் சொன்னது. ஜூலையில் மேலும் மூன்று மாதம் அவகாசம். 2025 முடியும்போதும் கடைக்கு எந்த அடையாளமும் வந்து சேரவில்லை.

நட்சத்திர யோசனையை நான் எதிர்க்கிறேன். அந்த முறையில் சர்க்கரைக்குக் குறையும் மதிப்பெண்ணை நார்ச்சத்து, புரதம், பருப்பு, பழம் ஆகியவற்றைக் கொஞ்சம் சேர்த்து மீட்டுக்கொள்ளலாம். சர்க்கரை நிறைந்த ஒரு பிஸ்கட்டுக்கு ராகி மாவு தூவினால் ஒரு நட்சத்திரம் கூடலாம். நட்சத்திரம் என்றாலே நமக்குப் பாராட்டுதான். இரண்டு நட்சத்திர ஹோட்டலும் ஹோட்டல்தானே என்று வாங்குகிறவர் நினைப்பார். எச்சரிக்கை எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும். சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைக்கு ஒதுக்க வைத்த நாடு இது. ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் மூலையில் கறுப்பு முத்திரை ஒன்றைப் போட வைக்க முடியாதா?

அப்பளத்துக்கும் ஊறுகாய்க்கும் முத்திரை விழும், நம் பாரம்பரிய உணவு கெட்டுப்போகும் என்று ஒரு வாதம் வைக்கிறார்கள். ஊறுகாயை யாரும் டம்ளரில் ஊற்றிக் குடிப்பதில்லை. அதில் உப்பு அதிகம் என்று எழுதினால் தொட்டுக்கொள்ளும் கை கொஞ்சம் சுருங்கும்; நல்லதுதான். சிறு உற்பத்தியாளர்களுக்கும் வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்கும் சில ஆண்டுகள் அவகாசம் கொடுக்கலாம். பெரிய நிறுவனங்களுக்கு அந்தச் சலுகை தேவையில்லை. மெக்சிகோவில் விற்கும் தங்கள் டப்பாக்களில் அந்த முத்திரையை ஏற்கெனவே அச்சிட்டுக்கொண்டிருக்கிறவை அவற்றில் பல.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாக்கெட்டின் பின்னால் சேர்க்கப்பட்ட சர்க்கரை என்ற வரியைத் தேடுங்கள். பரிமாறல் அளவை விட்டுவிட்டு, 100 கிராமுக்கு எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். நாலால் வகுத்தால் ஸ்பூன் கணக்கு வந்துவிடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் அந்த வரியில் பூஜ்யம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இதையும் ஆங்கிலம் தெரிந்தவருக்குத்தான் சொல்ல முடிகிறது. நம் விதிப்படி லேபிள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். தமிழ் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. விளம்பரம் தமிழில் வருகிறது, பாட்டு தமிழில் வருகிறது, சர்க்கரை அளவு மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போன 39 பேரில் உங்கள் தொகுதிக்காரரும் ஒருவர். அவருக்கு இந்த வாரமே ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். இரண்டே வரி போதும்: சர்க்கரை அதிகம் என்றால் அதை முன்பக்கத்தில் போட வையுங்கள். தமிழில் போட வையுங்கள்.